பிரிக்கும் நோய்: கலௌபாபாவும் ஹவாய் மக்களின் எழுத்தும்

நோயின் வரலாறு மருத்துவ நூல்களில் மட்டும் அமைந்துவிடுவதில்லை. நோயுற்றோரை ஒரு சமுதாயம் என்ன பெயரிட்டு அழைத்தது, எங்கே குடிவைத்தது, அவர்தம் சொல்லை யார் செவிமடுத்தனர் என்பனவும் அவ்வரலாற்றின் கூறுகளே ஆகும். தமிழில் குட்டம், பெருநோய், தொழுநோய் என வழங்கும் பிணிக்கு, பசிபிக் பெருங்கடலின் ஹவாய்த் தீவுகளில் வாழும் பழங்குடி மக்கள் தம் மொழியில் வைத்த பெயர்களுள் ஒன்று 'பிரிக்கும் நோய்' என்னும் பொருளுடையது. உடலில் தோன்றும் குறியைக் கொண்டு அவர்கள் இப்பெயரை இடவில்லை. அந்நோய் குடும்பங்களுக்குச் செய்ததைக் கொண்டு இட்டனர். அப்பெயர் பிறந்த வரலாறும், அதனை எழுத்தில் பதித்தவர் யார் என்பதும் இலக்கியம் பயில்வோர் அறியத்தக்கவை.

தீவுகளும் தொற்றுநோய்களும்

1778 ஆம் ஆண்டு ஆங்கிலேய மாலுமி ஜேம்ஸ் குக்கின் கப்பல்கள் ஹவாய்த் தீவுகளை அடைந்தன. பல நூற்றாண்டுகளாகப் பிற நாட்டினரின் தொடர்பின்றி வாழ்ந்த மக்களின் உடல், புறநாட்டு நோய்களை எதிர்க்கப் பழகியதன்று. பால்வினை நோய்களும் காசநோயும் முதலில் பரவின. 1848 இல் தட்டம்மை, கக்குவான், சளிக்காய்ச்சல் ஆகியவை ஒருசேர வந்தன. 1853 இல் பெரியம்மை ஆயிரக்கணக்கானோரைக் கொண்டது. குக் வந்தபோது மக்கள்தொகை எவ்வளவு என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் ஓர் இலட்சத்திற்கு மேல் என்பதில் ஐயமில்லை. பல இலட்சம் என்று கணிப்போரும் உளர். 1890 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், கலப்பினத்தவரையும் சேர்த்து ஹவாயர் ஏறத்தாழ 40,000 பேரே எஞ்சியிருந்தனர்.

இவ்வாறு ஓர் இனம் தேய்ந்துகொண்டிருந்த காலத்தில்தான் தொழுநோயும் பரவலாகக் காணப்பட்டது. குடியேறிய கரும்புத் தோட்ட முதலாளிகளும் மருத்துவர்களும் அஞ்சினர். ஐந்தாம் கமெஹமெஹா மன்னர், தொழுநோய் பரவாமல் தடுக்கும் சட்டத்திற்கு 1865 சனவரி 3 ஆம் நாள் கையொப்பமிட்டார். நோய் உடையவர் என ஐயுறப்படுவோரைப் பிடித்துச் சோதிக்கவும், உறுதியானால் ஒதுக்கிடத்திற்கு அனுப்பவும் அச்சட்டம் அதிகாரம் அளித்தது.

கடலும் மலையும் காவல்

ஒதுக்கிடமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது மொலோக்காய்த் தீவின் வடகரையில் உள்ள கலௌபாபா என்னும் நிலமுனை. மூன்று புறமும் கொந்தளிக்கும் கடல். நான்காம் புறம் 2,000 அடிக்கு மேல் செங்குத்தாக எழும் மலைச்சுவர். சிறைக்கு வேண்டிய மதில்களை இயற்கையே எழுப்பித் தந்திருந்தது. 1866 சனவரி 6 ஆம் நாள், ஒன்பது ஆடவரும் மூன்று பெண்டிருமாகப் பன்னிருவர் அந்நிலமுனையின் கிழக்குக் கரையான கலவாவோவில் இறக்கப்பட்டனர். உழுது பயிரிட்டுத் தாமே வாழ்ந்துகொள்வர் என்பது அரசின் எதிர்பார்ப்பு. நோயுற்ற உடலுக்கு அது இயலுமா என்பது எண்ணப்படவில்லை.

ஹவாய் மக்களுக்கோ நோயுற்றவரை விலக்குவது புரியாத செயலாக இருந்தது. உண்ணும் கலமும் உறங்கும் பாயும் பகிர்ந்துகொள்வது அவர்தம் உறவு முறை. எனவே கணவனுடன் மனைவியும், பிள்ளையுடன் தாயும் தாமாகவே கலௌபாபாவிற்குச் சென்றனர். இவ்வாறு சென்றோரைக் 'கோகுவா' என்றனர்; உதவுவோர் என்பது பொருள். இதனைப் படித்த குடியேறிகள் அறியாமை என்றனர். ஹவாயர் அன்பு என்றனர். 1870 இல் நோயைக் காரணம் காட்டி மணவிலக்குப் பெறவும் சட்டம் இடமளித்தது. அதனைப் பிற நாட்டுக் கொடுமை என்று எளிதாகத் தள்ளிவிட இயலாது. இந்தியாவின் மணச் சட்டங்களில் தொழுநோய் மணவிலக்குக்கு உரிய காரணமாக இருந்தது. 2019 இல்தான் அது நீக்கப்பட்டது.

1866 முதல் 1969 வரை ஏறத்தாழ 8,000 பேர் அந்நிலமுனைக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் ஹவாய்ப் பழங்குடியினர். இருபதாம் நூற்றாண்டில் அங்குப் பிறந்த குழந்தைகளும் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டனர்.

நுண்ணுயிரும் ஆய்வு நெறியும்

1873 இல் நார்வே நாட்டின் பெர்கன் நகரில் மருத்துவர் ஆர்மௌவர் ஹான்சன் இந்நோயின் காரணியான கோலுயிரியைக் கண்டறிந்தார். காசநோய்க் கிருமிக்கு உறவான இது மைக்கோபாக்டீரியம் லெப்ரே எனப் பெயர் பெற்றது. தொழுநோய் பரம்பரைச் சாபம் அன்று, தொற்றுநோய் என்பதை உலகிற்குக் காட்டிய கண்டுபிடிப்பு இது. ஆயினும் அதனை மெய்ப்பிக்கும் வேட்கையில் ஹான்சன், 1879 இல் ஒரு நோயாளிப் பெண்ணின் இசைவின்றி அவர் கண்ணில் நோய்ப்பொருளைச் செலுத்தினார். அடுத்த ஆண்டு நீதிமன்றம் அவரை மருத்துவமனைப் பணியிலிருந்து நீக்கியது.

நார்வேயில் நோயாளியின் முறையீட்டை நீதிமன்றம் ஏற்றது. ஹவாயில் நிலை வேறு. எட்வர்டு ஆர்னிங் என்னும் செருமானிய மருத்துவர் 1884 செப்டம்பரில், கொலைக் குற்றத்திற்காகத் தூக்குத் தண்டனை பெற்றிருந்த கியானு என்னும் ஹவாயரின் கையில் நோயுற்ற திசுவைப் பதித்தார். உடன்பட்டால் தூக்கு, வாழ்நாள் சிறையாகக் குறைக்கப்படும் என்பது அவருக்குக் கூறப்பட்டது. சாவுக்கும் நோய்க்கும் இடையே நிறுத்தப்பட்டவர் தந்த இசைவு அது. நான்கு ஆண்டுகளில் கியானுவிற்கு நோய் வெளிப்பட்டது. 1889 இல் மொலோக்காய்க்கு அனுப்பப்பட்டு, 1892 இல் அங்கேயே இறந்தார். அவருடைய நெருங்கிய உறவினர் சிலருக்கு முன்பே இந்நோய் இருந்தது பின்னர்த் தெரியவந்தது. ஆகவே சோதனையால் எதுவும் மெய்ப்பிக்கப்படவில்லை. ஒரு மனிதர் வீணே நோயுற்றார் என்பதே எஞ்சியது.

1909 இல் அமெரிக்க அரசு கலவாவோவில் பெரும் பொருட்செலவில் ஓர் ஆய்வு நிலையத்தைத் திறந்தது. அங்கே தங்கிச் சோதனைக்கு உட்பட முன்வந்தவர்கள் ஒன்பது பேரே. வேலிகளும் விதிகளும் குடும்பத்தாரிடமிருந்து மீண்டும் தம்மைப் பிரிப்பதைக் கண்டு அவர்களும் வெளியேறினர். நிலையம் 1913 இல் மூடப்பட்டது. ஆய்வுக்கு உரியவரின் நம்பிக்கை இன்றி ஆய்வில்லை என்னும் பாடத்தை மக்களே கற்பித்தனர் எனலாம்.

இதற்கு மாறாக, ஹொனலூலுவின் கல்லூரி ஒன்றில் 1915 இல் முதுநிலைப் பட்டம் பெற்ற ஆலிஸ் பால் என்னும் கருப்பின இளம்பெண் செய்த பணி நோயாளிகளுக்குப் பயன்பட்டது. சால்மூக்ரா எண்ணெய் ஆசிய நாடுகளில் நெடுங்காலமாக இந்நோய்க்கு மருந்தாக வழங்கியது. தமிழ் மருத்துவம் அறிந்த நீரடிமுத்து மரமும் அவ்வெண்ணெய் தரும் இனத்தைச் சேர்ந்ததே. கெட்டியான அவ்வெண்ணெயை உடல் ஏற்கும்வண்ணம் ஊசிவழிச் செலுத்த ஆலிஸ் பால் வழி கண்டார். 1916 இன் இறுதி நாளில், தம் 24 ஆம் வயதில் அவர் மறைந்தார். அவர் பணியைத் தொடர்ந்த கல்லூரித் தலைவர் அவர் பெயரைக் குறிப்பிடாமலே முடிவுகளை வெளியிட்டார். 1922 இல் மருத்துவர் ஹால்மன் எழுதிய கட்டுரையே அம்முறையை அவர் பெயரால் சுட்டியது.

முழுமையான தீர்வு சல்போன் மருந்துகளால் வந்தது. 1941 இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில் தொடங்கிய அச்சிகிச்சை 1946 இல் கலௌபாபாவை அடைந்தது. மக்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்றைவருக்கு இக்கிருமியை எதிர்க்கும் ஆற்றல் இயல்பாகவே உண்டு என்பதும் பின்னர்த் தெளிவாயிற்று. எனினும் ஒதுக்கல் சட்டம் 1969 வரை நீங்கவில்லை. அறிவு வந்த பின்னும் அச்சம் 20 ஆண்டுகளுக்கு மேல் ஆட்சி செய்தது.

யார் எழுதிய வரலாறு?

கலௌபாபாவை உலகம் அறிந்தது பெரும்பாலும் பிறர் எழுத்தால். 1873 இல் அங்குச் சென்று, நோயாளிகளுடன் வாழ்ந்து, தாமும் நோயுற்று 1889 இல் இறந்த பெல்ஜிய நாட்டுத் தமியான் அடிகளாரின் தொண்டு போற்றத்தக்கது. அவர் மறைந்த சில வாரங்களில் அங்குச் சென்ற எழுத்தாளர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன், அடிகளாரைப் பழித்த ஒருவருக்கு 1890 இல் எழுதிய திறந்த மடல் புகழ்பெற்றது. ஆனால் அவ்விவாதத்தில் நோயாளிகள் பின்னணியாகவே நின்றனர்.

அவர்கள் எழுதாதவர் அல்லர். எம்மா அரசியின் உறவினரான பீட்டர் கயேயோ, 1873 முதல் 1876 வரை கலௌபாபாவிலிருந்து அரசிக்கு எழுதிய மடல்கள் கிடைத்துள்ளன. உணவுப் பற்றாக்குறையும் அண்டை வீட்டார் சாவும் அவற்றில் நாள்தோறும் பதிவாகின்றன. 1834 முதல் ஹவாய் மொழியில் செய்தித்தாள்கள் வெளிவந்தன. மக்களுள் பெரும்பாலோர் எழுத்தறிவு பெற்றிருந்தனர்.

எழுத்தின் முரண்பாட்டை நன்கு காட்டுவது கோலௌவின் கதை. கவாய்த் தீவில் மாடு மேய்க்கும் தொழில் செய்த கோலௌவிற்கும் அவர் மகனுக்கும் நோய் கண்டது. மனைவி பீலானியும் உடன்வர இசைந்தால் மொலோக்காய் செல்வதாகக் கோலௌ கூறினார். 1893 சனவரியில் ஹவாய் அரசியைக் கவிழ்த்துப் பதவியேற்ற புதிய அரசு அதனை மறுத்தது. அவ்வாண்டு சூன் மாதம், கலலௌப் பள்ளத்தாக்கில் தம்மைப் பிடிக்க வந்த அதிகாரியைக் கோலௌ சுட்டுக் கொன்றார். பீரங்கியுடன் படை வந்தும் அவரைப் பிடிக்க இயலவில்லை. அப்பள்ளத்தாக்கில் மூவரும் மறைந்து வாழ்ந்தனர். மகன் இறந்தான், பின் கோலௌவும் இறந்தார். இருவரையும் தம் கையால் புதைத்துவிட்டுப் பீலானி தனியே ஊர் திரும்பினார்.

ஜாக் லண்டன் இந்நிகழ்ச்சியைத் தழுவி எழுதிய சிறுகதை 1909 இல் வெளியாயிற்று. அதில் கோலௌ உருக்குலைந்தோர் கூட்டத்தின் தலைவன். இறுதியில் தன்னந்தனியே சாகிறான். பீலானி அக்கதையில் இல்லை. ஆனால் அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னரே, 1906 இல், பீலானி சொல்லக் காஹிக்கினா கெலெகோனா எழுதிய நூல் ஹவாய் மொழியில் அச்சாகியிருந்தது. ஆங்கிலக் கதை உலகெங்கும் பரவியது. பீலானியின் நூல் 1987 வரை ஆங்கில வாசகரை அடையவில்லை. 1896 இல் பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்றுமொழி எனச் சட்டம் செய்யப்பட்டதால், ஹவாய் மக்களின் பேரப்பிள்ளைகளுக்கே அந்நூல் படிக்க இயலாததாயிற்று. நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்த அதே காலம், மக்களை அவர்தம் மொழியிலிருந்தும் பிரித்தது. 1998 இல் கவிஞர் மெர்வின் இவ்வரலாற்றை நெடுங்காவியமாகப் பாடியபோது பீலானி மீண்டும் நடுவிடம் பெற்றார்.

பெயர்களும் உவமைகளும்

கலௌபாபாவில் அடக்கம் செய்யப்பட்டோருள் பெயர் பொறித்த கல்லுடையோர் சிலரே. அங்கு அனுப்பப்பட்ட அனைவர் பெயரையும் தாங்கும் நினைவுச்சின்னம் எழுப்ப 2009 இல் அமெரிக்க நாடாளுமன்றம் இசைவளித்தது. அதனைக் கேட்டுப் பெற்றவர்கள் அந்நோயாளிகளும் அவர்தம் வழித்தோன்றல்களுமே. அவர்கள் வேண்டியது இரக்கமன்று, பெயர்.

இவ்வரலாறு கவிதை புனைவோருக்கும் ஒரு கடமையைச் சுட்டுகிறது. சாதியையும் ஊழலையும் 'சமுதாயத்தின் தொழுநோய்' எனக் கூறும் உவமை தமிழ் மேடைகளிலும் கவிதைகளிலும் நெடுங்காலமாகப் பயின்று வருகிறது. கூறுவோர் நோக்கம் நன்று. ஆயினும் அவ்வுவமை, மருந்துகளால் குணமாகும் ஒரு நோயை இழிவின் அடையாளமாக நிலைநிறுத்துகிறது. அந்நோயிலிருந்து மீண்டு அவையின் பின்வரிசையில் அமர்ந்திருப்பவர் ஒருவரை மீண்டும் ஒதுக்கிடத்திற்கு அனுப்புகிறது. சட்டம் 1969 இல் நீங்கியது. சொல்லில் உள்ள ஒதுக்கலை நீக்குவது சொல்லை ஆள்வோர் பொறுப்பு. பிரிக்கும் நோய் என்று ஹவாய் மக்கள் பெயரிட்டபோது அவர்கள் பழித்தது நோயாளியை அன்று, பிரிவை. அவ்வேறுபாட்டைக் காத்தல் இலக்கியத்தின் பணியாகும்.