கிட்டங்கி

கொண்டுவிக்க, அதாவது கடல்கடந்து தொழில் செய்யப் போன நாட்டுக்கோட்டை நகரத்தார் (செட்டியார்), அயல்நாட்டில் சேர்ந்து தங்கித் தொழில் நடத்திய பொது வீடு கிட்டங்கி. சரக்கறை என்பதே சொல்லின் பொருள். இவர்களுக்குச் சரக்கு, வட்டிக்கு விடும் பணம். பினாங்கிலும் மேடானிலும்கூடக் கிட்டங்கிகள் இருந்தன. பேர்பெற்றவை சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் இருந்தவை. அந்தத் தெருவுக்குத் தமிழர் வைத்த பெயரே செட்டித் தெரு. 1820களில் அவ்வூருக்கு வரத் தொடங்கிய நகரத்தார், 1859இல் டேங்க் சாலையில் தெண்டாயுதபாணிக்குக் கோயில் எழுப்பினர்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் கிட்டங்கிகளின் பொற்காலம். நீண்ட கூடம், சுவரோரம் வரிசையாகப் பெட்டியடிகள். ஒரு பாய், குட்டையான மரப்பெட்டி, பின்னால் இரும்புப்பெட்டி: ஒரு கடை என்பது அவ்வளவுதான். வாசலுக்கு ஒரே கதவு எண், உள்ளே பல கடைகளின் விலாசங்கள். பகலில் பெட்டியின் முன் சம்மணமிட்டுப் பேரேடு எழுதியவர், இரவில் அங்கேயே படுத்தார். சமையல் பொது, செலவு பங்கு. பக்கத்துப் பெட்டியடிக்காரர் தொழிலில் போட்டியாளர். கையில் பணம் முடைப்பட்டால் கைமாற்றுத் தருபவரும் அவரே. இந்த நெருக்கம்தான் கிட்டங்கியின் உண்மையான மூலதனம் என்று சொல்லத் தோன்றுகிறது. பர்மாவின் இரங்கூனில் நகரத்தார் மாதந்தோறும் கோயிலில் கூடித்தான் நடப்பு வட்டியை நிர்ணயித்தார்கள்.

முதலாளி பெரும்பாலும் ஊரில் இருப்பார். சம்பளச்சீட்டு எழுதிக்கொடுத்து மூன்றாண்டுக் கணக்குக்குப் போன மேலாள் கடையை நடத்துவார். கீழே அடுத்தாள், பெட்டியடிப் பையன். மனைவி மக்கள் செட்டிநாட்டிலேயே. காரைக்குடியில் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று தெருவுக்குத் தெரு நீண்ட வீட்டின் செலவை ஈட்டியவர், அக்கரையில் ஒரு பாயகலத்தில் வாழ்ந்தார். சிங்கம்புணரியில் பிறந்து மேடானுக்குப் போன ப. சிங்காரம், இந்த வட்டிக்கடை உலகைத் தம் நாவல்களில் பதிவு செய்தார்.

1930களின் பொருளாதார மந்தத்தில் கடன் திரும்பவில்லை. பர்மாவில் ஈடாக வந்த வயல்கள் செட்டிமார் கையில் சேர்ந்து பகையை வளர்த்தன. 1942இல் ஜப்பானியர் வந்ததும் பலர் பர்மாவிலிருந்து கால்நடையாகவே திரும்பினர். போருக்குப் பிந்தைய குடிநுழைவுக் கட்டுப்பாடுகள் புதிய ஆள் வரத்தைக் குறைத்தன. சிங்கப்பூரின் நகரச் சீரமைப்பில் மார்க்கெட் தெருக் கிட்டங்கிகளும் இடிபட்டன. அங்கே இப்போது நிற்பவை வானளாவிய அலுவலகக் கட்டடங்கள்.