தண்டவாளத்துக்குக் கிடைத்த நஷ்டஈடு

மலேசியாவில் மாதச் சம்பளக்காரர்கள் நிரப்பும் வருமான வரி பாரத்தில், வெள்ளத்தில் போன ஐஸ்பெட்டிக்கு இடமில்லை. 2021 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு லுக்குட்டில் சிலர் என்னிடம் கேட்டார்கள்: "தம்பி, பாரத்தைத் திருத்திக் குடுத்தா வரி திரும்பக் கெடைக்குமா?" பாரத்தில் பிழை இருந்து கூடுதலாக வரி கட்டியிருந்தால், 131ஆவது பிரிவின் கீழ் 5 ஆண்டுக்குள் திரும்பக் கேட்கலாம். ஆனால் திருத்தி எதை எழுதுவது? கடைக்காரரின் இயந்திரம் நாசமானால் தொழில் கணக்கில் கழிக்க வழியுண்டு. லயத்து வீட்டு மெத்தையும் அலமாரியும் சட்டத்தின் கண்ணில் நட்டமே இல்லை.

இந்தப் பார்வை நேற்று வந்ததல்ல. மலாயாவில் வருமான வரிச் சட்டம் 1947இல் இயற்றப்பட்டு 1948இல் நடைமுறைக்கு வந்தது. அதே காலத்தில்தான் போர்ச்சேத இழப்பீடும் பேசப்பட்டது. கட்டடம், இயந்திரம், சரக்கு என்று பொருளுக்குத்தான் மனு. தோட்ட முதலாளிகளிடம் அதற்கான கணக்குப் புத்தகம் இருந்தது. தோட்டத்து ஆட்களிடம் என்ன இருந்தது? பெட்டியடியில் வாழைமர நோட்டு. ஜப்பான்காரன் போனதும் அது வெறும் காகிதமாகிவிட்டது.

சயாம் ரயில் கதை இன்னும் மோசம். 415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்கள் 78,000 பேருக்கு மேல், பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். செத்தவர்கள் ஏறத்தாழ 30,000 என்றது பிரிட்டிஷ் கணக்கு. ஆய்வாளர்கள் பலர் அதைவிடக் கூடச் சொல்கிறார்கள். என் பாட்டியின் அண்ணனும் போனவர். "அரிசி குடுப்பாங்கன்னுதான் ஏறுனாரு" என்பாள் பாட்டி, அதற்கு மேல் பேசமாட்டாள்.

ஆட்களோடு தண்டவாளமும் போனது. நம் மாநிலத்துத் தம்பினிலிருந்து மலாக்காவுக்கு ஓடிய கிளைப்பாதையையே ஜப்பானியர் பெயர்த்துச் சயாமுக்குக் கொண்டுபோனார்கள். 1946இல் பிரிட்டன் அந்த மரண ரயில் பாதையின் தாய்லாந்துப் பகுதியைத் தாய்லாந்துக்கு 12,50,000 பவுண்டுக்கு விற்றது. அந்தப் பணம், பாதை போட எடுத்துச்சென்ற பொருள்களுக்காக அண்டை நாடுகளுக்கும் காலனிகளுக்கும் ஈடாகப் போனது. இரும்புக்கு ஈடு கிடைத்துவிட்டது. இதை முதன்முதலில் படித்தபோது, ஒரு பொறியாளனாக, எனக்குக் கணக்கு சரியாகவே தெரிந்தது. ரயில்பாதைக்குச் சொத்துப் பதிவேடு இருந்திருக்கும், உரிமையாளர் உண்டு, விலை உண்டு. அதுதான் எரிச்சலாக இருந்தது.

1951 சான் பிரான்சிஸ்கோ ஒப்பந்தத்தின் 16ஆவது பிரிவு, ஜப்பானியரிடம் அகப்பட்ட போர்க்கைதிகளுக்கு உதவித்தொகைக்கு வழிசெய்தது. போர்க்கைதி என்றால் படைவீரர். பால்மரம் சீவியவர் அதில் வரமாட்டார்.

இன்று நாம் பாரம் நிரப்பும் வருமான வரிச் சட்டம் 1967இல் வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ஜப்பானும் மலேசியாவும் போர்க்காலப் பாக்கியை முடித்துக்கொண்டு கையெழுத்திட்டன. தொகை 25 மில்லியன் மலேசிய டாலர், அதுவும் ரொக்கமாக அல்ல. 2 சரக்குக் கப்பல்களாக வந்தது.