திரையில் தேயிலை மலை

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்கள் திரைக்கு வந்து தொண்ணூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. லண்டனிலிருந்தும் ஹொலிவூட்டிலிருந்தும் படக்குழுக்கள் இங்கே வந்து போயின. கொழும்பிலும் சென்னையிலும் தோட்டக் கதைகள் படமாயின. அவை காட்டிய மலை பெரும்பாலும் மெய். காட்டிய வரலாறு அப்படியல்ல. இது மலையகத்துக்கு மட்டும் வந்த வினையல்ல. வைக்கிங் வீரன் என்றதும் உலகத்தின் கண்ணில் தெரிவது கொம்பு வைத்த தலைக்கவசம். அதைப் பரவச் செய்தவர், 1876இல் ஜெர்மனியின் பைரொய்ட் நகரில் வாக்னரின் இசைநாடகத்துக்கு உடை வடிவமைத்த கார்ல் எமில் டோப்லர். நோர்வேயில் 1943இல் கிடைத்த வைக்கிங் காலத் தலைக்கவசத்தில் கொம்பு இல்லை. ஆனாலும் மேடையில் ஒருமுறை ஏறிய கொம்பு இன்றுவரை இறங்கவில்லை. தேயிலை மலைக்கும் இப்படிச் சில கொம்புகள் உண்டு.

பெயர்பெற்ற படங்களில் மூத்தது 1934இல் வந்த 'சோங் ஒஃப் சிலோன்'. இலங்கைத் தேயிலைப் பிரசார சபைக்காக, ஜோன் கிரியர்சன் தயாரிப்பில் பஸில் ரைட் இயக்கிய ஆவணப்படம். 1935இல் பிரசல்ஸ் திரைப்பட விழாவில் முதற்பரிசு பெற்றது. சிவனொளிபாத மலைக்கு ஏறும் அடியார்களை அது காட்டும் விதத்துக்கு இன்றும் ஈடு சொல்வது கடினம். படத்துக்குக் குரல் கொடுத்தவர் லயனல் வென்ட். அவர் வாசிப்பது 1681இல் வெளியான ரொபர்ட் நொக்ஸின் நூலிலிருந்து. கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கைதியாக இருந்தவர் நொக்ஸ். அவர் காலத்தில் அந்த மலைகளில் தேயிலையும் இல்லை, அதைப் பறிக்கத் தமிழகத்திலிருந்து வந்தவர்களும் இல்லை. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை வைத்தது 1867இல்தான். ஆகவே படத்தில் கொழுந்து பறிப்பவர்கள் வருகிறார்கள்; அவர்கள் அங்கே வந்த கதைக்கு அந்த உரையில் இடமில்லை. தேயிலை விற்க எடுத்த படத்தில் இதற்கு வியப்படையவும் தேவையில்லை.

அடுத்தது பரமவுண்ட் நிறுவனத்தின் 'எலிபன்ட் வோக்' (1954). ரொபர்ட் ஸ்டான்டிஷின் நாவலை வைத்து வில்லியம் டீட்டர்லே இயக்கியது. 1953இல் இலங்கைக்கு வந்து நடித்தவர் விவியன் லீ. நோயுற்று அவர் விலக, எலிசபெத் டெய்லர் நாயகியானார். தூரத்துக் காட்சிகள் சிலவற்றில் நடந்து போகிறவர் இன்னும் விவியன் லீதான். யானைத்தாரையை மறித்துக் கட்டிய துரை பங்களாவை, தோட்டத்தில் வாந்திபேதி பரவும் வேளையில் யானைக்கூட்டம் வந்து இடித்துத் தள்ளுவது கதையின் உச்சம். மத்திய மலைநாட்டில் நடந்தது இதற்கு நேர்மாறு: காடழித்துக் கோப்பியும் பின் தேயிலையும் ஏறியபோது யானைதான் ஒழிந்தது. மேஜர் தோமஸ் ரொஜர்ஸ் என்ற ஒரே அதிகாரி 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகச் சொல்வார்கள். 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி அவர் இறந்தார். கல்லறை நுவரெலியாவில் இருக்கிறது. வாந்திபேதி மட்டும் மெய்யான அச்சம். கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையிலிருந்து மாத்தளைக்கு நூறு மைலுக்கு மேல் நடந்து வந்தவர்களை வழியிலேயே கொன்றது அதுதான். படத்திலோ அந்த நோய் துரையும் துரைசாணியும் மனம் ஒன்றுவதற்கு ஒரு சாக்கு.

1984இல் வந்த 'இந்தியானா ஜோன்ஸ்' வரிசையின் இரண்டாம் படம் வரலாற்றோடு புராணத்தையும் குழப்பியது. இந்தியாவில் அனுமதி கிடைக்காததால் கண்டிப் பகுதியில் படப்பிடிப்பு நடந்தது. கதைப்படி வட இந்தியக் கிராமம். ஊர்ப் பெரியவராக வரும் டி.ஆர். நாணயக்கார பேசுவது சிங்களம்! காளியோ, உயிருள்ளவனின் நெஞ்சைப் பிளந்து பலி கேட்கும் அரக்கத் தெய்வம். மாரியம்மனும் காளியும் முனியாண்டியும் காவலிருக்கும் தோட்டங்களில் எவருக்கும் அப்படி ஒரு காளியைத் தெரியாது.

உள்ளூர்த் தமிழ்ப் படங்கள் பணத்தில் சிறியவை. 1963இல் கிருஷ்ணகுமார் 'தோட்டக்காரி'யை எடுத்தார். 1975இல் தொழிற்சங்கத் தலைவர் வி.பி. கணேசன் 'புதிய காற்று' எடுத்து நடித்தார். பாட்டும் சண்டையும் சென்னைப் படங்களின் வார்ப்புத்தான். என்றாலும் தோட்டத்து மனிதர் கதையின் நடுவில் நின்றது இவற்றில்தான். 1983 ஜூலையில் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டபோது படச்சுருள்கள் பல சாம்பலாயின.

தமிழுலகம் அதிகம் பேசிய தேயிலைப் படம் பாலாவின் 'பரதேசி' (2013). அதன் களம் இலங்கை அல்ல. வால்பாறைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் ஆனைமலைத் தோட்டங்களைப் பற்றி 1969இல் எழுதிய 'ரெட் டீ' நாவல் (தமிழில் இரா. முருகவேளின் 'எரியும் பனிக்காடு') அதற்கு அடிப்படை. ஆசை காட்டி அழைத்துப்போவது, தீராத கடன், கொள்ளைநோய் என்று சாரம் சரியாகவே வந்திருக்கிறது. பிசகியது வேறிடத்தில். தொழிலாளர் படும் பாட்டைக் கண்டு மனம் கசிந்து எதிர்த்து நிற்கும் நாவலின் மருத்துவர், படத்தில் ஆடிப்பாடி மதம் மாற்றுகிறவராகிவிட்டார். காலமும் இடிக்கிறது. கதை 1930களின் இறுதியில் நடக்கிறது. மக்கள் வாரக்கணக்கில் நடந்தே மலையேறுகிறார்கள். இலங்கைப் பக்கம் அந்த நடை 1914க்குள்ளேயே முடிந்துவிட்டது. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பலும், அங்கிருந்து ரயிலும் அந்த ஆண்டில் ஓடத் தொடங்கின. நானுஓயாவுக்கு 1885இலேயே பாதை போட்டாயிற்று. மண்டபம் முகாமில் தடுத்துவைத்துப் பரிசோதித்து அனுப்பிய குடும்பங்கள் தலவாக்கலையிலோ வட்டகொடையிலோ ரயிலிலிருந்து இறங்கித் தோட்டத்துக்கு ஏறின. 1939 ஆகஸ்டில் இந்திய அரசு அந்த ஆட்சேர்ப்பையே தடைசெய்தது.

இந்தப் படங்களில் பொதுவாகத் தட்டையாவது, ஆள் சேர்த்து வந்து வேலை வாங்கிய கங்காணி. சவுக்கும் மீசையுமாக எங்கிருந்தோ வந்த வில்லன் திரைக்கு வசதி. மெய்யான பெரிய கங்காணி பெரும்பாலும் அதே ஊர்க்காரன். சாதியில் ஒரு படி மேல். அவனுக்குக் கீழே தன் சொந்தபந்தத்தைச் சேர்த்துக்கொண்டு வந்த சில்லறைக் கங்காணிகள். அவர்களை மாமா என்றும் சித்தப்பா என்றும் அழைத்தே ஆட்கள் கடனாளி ஆனார்கள். வழிச்செலவும் முன்பணமும் கம்பளியும் அரிசியும் ஆளின் பேரில் பற்றெழுதப்பட்டன. ஆள் வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு நாளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. ஆகவே காய்ச்சல்காரனையும் லயத்து வீட்டிலிருந்து எழுப்பி, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்துக்கு விரட்டுவது அவனுக்கு வருமானம். தோட்டம் மாற வேண்டுமானால் துண்டு வேண்டும். ஆளின் கடன் எவ்வளவு, அதைக் கட்டினால் விடுவோம் என்று துரை எழுதிக் கொடுக்கும் காகிதம் அது. புதிய தோட்டம் பணம் கட்டும், கடன் ஆளோடு கூடவே போகும். 1921இல் சட்டம் போட்டுத்தான் துண்டு முறையை ஒழித்தார்கள். சவுக்கடியை விட இந்தக் கணக்குத்தான் தோட்டத்தைக் கட்டிப்போட்டது. திரையில் ஏற்றச் சிரமமானதும் இதுவே.

சிறு பிழைகளில் அடிக்கடி கண்ணில் படுவது கூடை. பாடல் காட்சிகளில் நாயகி கையில் பூக்கூடை போல ஒன்றை ஏந்தி, பட்டுப் பாவாடை புரள ஓடுகிறாள். தோட்டத்துப் பெண் கூடைக்கயிற்றைத் தலையில் மாட்டி, பாரத்தை முதுகில் விட்டு, இடுப்பில் படங்குச் சாக்கு கட்டி நிற்பாள். இரண்டு கையும் கொழுந்துக்கே. நிறை குறைந்தால், கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் அன்றைக்கு அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழும்.

படமெடுக்க ஆதாரம் இல்லை என்று சொல்வதற்கில்லை. வட்டகொடைக்கு அருகே மடக்கும்புரத் தோட்டத்தில் 1914இல் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரான சி.வி. வேலுப்பிள்ளை, கங்காணியும் கடனும் வரும் தோட்டத்து நாட்டார் பாடல்களைத் திரட்டி நூலாக்கிவிட்டுப் போயிருக்கிறார். கம்பளைக்குப் பக்கத்தில் பீக்கொக் தோட்டத்தில் தோட்டத் தொழிலாளருக்கென்று ஓர் அருங்காட்சியகமும் இருக்கிறது. மலையகத்தைப் படமெடுக்க வருகிறவர்கள் பச்சை மலையைச் சுடுவதற்கு முன் அங்கே ஒரு நாள் போய்வரட்டும்.