ஹாலோவீன் இரவுக்கு ஒரு ஜோடி தாயக்கட்டை போதும்! குழந்தைகளோடு 'பேய்க்கதை கேம்' ஆடுவது எப்படி?

அக்டோபர் 31 நெருங்கினாலே இன்ஸ்டாகிராம் முழுக்க பூசணிக்காய் முகமும் பேய் மேக்கப்பும்தான். பெரிய நகரங்களில் மால்கள், ஹோட்டல்கள் என்று ஹாலோவீன் பார்ட்டி களைகட்டும். ஆனால் கடலூர், சிதம்பரம் பக்கம் அந்த வாரத்தில் வழக்கமாக வருவது வடகிழக்குப் பருவமழை. வெளியே போக முடியாது. கரண்ட் எப்போ போகும்னு தெரியாது. மொபைலில் சார்ஜும் தீர்ந்துவிடும்.

அப்படி ஒரு ராத்திரிக்குப் பொருத்தமான விளையாட்டு ஒன்று இருக்கிறது. பெயர், டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம். வீட்டில் உள்ளவர்கள் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாக மாறி, ஒரு கதையை வாயாலேயே ஆடுவது. எப்படி ஆடுவது, எந்த வயதுக்கு எது, பிள்ளைகளை எவ்வளவு பயமுறுத்தலாம்? முழு விவரம் இதோ.

ரோல்பிளேயிங் கேம் என்றால் என்ன?

'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடர் பார்த்தவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். முதல் எபிசோடில் நான்கு பையன்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டிக் கத்துவார்களே, அந்த விளையாட்டுதான் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. அமெரிக்காவின் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் சேர்ந்து உருவாக்கி 1974-ல் வெளியிட்டார்கள். இந்த வகை விளையாட்டுகளுக்கெல்லாம் மூத்தது அதுதான்.

விளையாட்டின் அடிப்படை ரொம்ப சிம்பிள். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் கதைக்குள் இருக்கும் ஆட்கள். "கதவு லேசா திறந்திருக்கு, உள்ள இருட்டு. என்ன பண்றீங்க?" என்று கதை சொல்பவர் கேட்பார். "நான் எட்டிப் பார்க்கிறேன்", "நான் ஓடிடறேன்" என்று ஆளுக்கொரு பதில் வரும். அது பலிக்குமா பலிக்காதா என்று சந்தேகம் வரும் இடத்தில் மட்டும் பகடை. ஜெயித்தவர், தோற்றவர் என்று யாரும் கிடையாது. எல்லோரும் ஒரே அணி.

இதுக்கும் ஹாலோவீனுக்கும் என்ன தொடர்பு?

ஹாலோவீன் என்பது நவம்பர் 1-ம் தேதி வரும் அனைத்துப் புனிதர் திருநாளுக்கு முந்தைய இரவு. மறுநாள் நவம்பர் 2, கல்லறைத் திருநாள். கடலூரில் கிறிஸ்தவக் குடும்பங்கள் கல்லறைகளைச் சுத்தம் செய்து, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றும் அதே நாள்தான். நம்ம ஊரில் அது அமைதியான பிரார்த்தனை நாள். அதற்கு இரண்டு நாள் முன்பு வரும் இரவு, மேற்கு நாடுகளில் வேஷம் போடும் கொண்டாட்டமாகிவிட்டது.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்கும் ஹாலோவீனுக்கும் நேரடித் தொடர்பே உண்டு. டிரேசி ஹிக்மேன், லாரா ஹிக்மேன் என்ற கணவன் மனைவி, ரத்தக்காட்டேரி கோட்டை ஒன்றை வைத்து ஒரு கதை எழுதி, ஒவ்வொரு ஹாலோவீனுக்கும் தங்கள் நண்பர்களோடு ஆடிப் பார்த்தார்கள். அது 1983-ல் 'ரேவன்லாஃப்ட்' என்ற பெயரில் வெளியானது. அந்தக் கோட்டையின் கதை இன்றும் புதுப்புது பதிப்புகளாக வந்துகொண்டிருக்கிறது.

நம்ம ஊருக்கு இது புதுசா?

பாதிதான் புதுசு. வைகுண்ட ஏகாதசி, சிவராத்திரி இரவுகளில் தூக்கம் வராமல் இருக்க பரமபதமும் தாயமும் ஆடுவது நம் வீடுகளில் பழைய பழக்கம். சிதம்பரம் நடராஜர் கோயிலுக்குள்ளேயே கோவிந்தராஜப் பெருமாள் சன்னதியும் இருப்பதால், அந்த ஊருக்கு இரண்டு கண்விழிப்பு இரவும் சொந்தம். தாத்தா, ஆயா, பேரப்பிள்ளைகள் எல்லோரும் ஒரே கட்டத்தைச் சுற்றி உட்கார்ந்து விடிய விடிய உருட்டிய அனுபவம் நமக்கு இருக்கிறது.

வேஷமும் புதுசில்லை. சிவராத்திரிக்கு மறுநாள் வட தமிழகத்தின் பல ஊர்களில் மயானக் கொள்ளை நடக்கும். அங்காளம்மன், காளி வேஷம் கட்டி மயானம் வரை ஊர்வலம் போவார்கள். அது வழிபாடு, விளையாட்டு இல்லை. ஆனால் வேஷத்தோடும் இரவோடும் பயத்தை எதிர்கொள்வது நமக்கு அந்நியமான விஷயம் இல்லை என்பதற்கு அது சாட்சி.

எந்த வயதுக்கு எந்த கேம்?

4 முதல் 10 வயது: 'ஹீரோ கிட்ஸ்', 'அமேஸிங் டேல்ஸ்', 'நோ தேங்க் யூ, ஈவில்!' ஆகியவை சின்னப் பிள்ளைகளுக்காகவே எழுதப்பட்டவை. விதிகள் குறைவு. 'ஹீரோ கிட்ஸ்' ஆட சாதாரண ஆறு பக்கப் பகடை போதும்.

12 வயதுக்கு மேல்: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். இதன் அடிப்படை விதித் தொகுப்பு 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விடப்பட்டது. அதனால் இலவசமாகவே டவுன்லோடு செய்யலாம். டீன்ஏஜ் பிள்ளைகளுக்கு 2018-ல் வந்த 'கிட்ஸ் ஆன் பைக்ஸ்' நன்றாக செட் ஆகும். சின்ன ஊர், சைக்கிள், மர்மம், அவ்வளவுதான் அதன் உலகம்.

பெரியவர்களுக்கு மட்டும்: 'கால் ஆஃப் கதுலு', 'டென் கேண்டில்ஸ்'. ஹாலோவீன் கேம் என்று கூகுள் செய்தால் இவையும் சேர்ந்தே வரும். பிள்ளைகளுக்கு வேண்டாம். 'டென் கேண்டில்ஸ்' கதையில் கடைசியில் யாரும் பிழைப்பதில்லை.

ஒரு சிக்கல்: இவை எல்லாமே ஆங்கிலத்தில் இருக்கின்றன. ஆனால் புத்தகம் வாங்கித்தான் ஆட வேண்டும் என்றில்லை.

தாயக்கட்டை வைத்து ஆடுவது எப்படி?

பித்தளைத் தாயக்கட்டை ஒரு ஜோடி எடுங்கள். ஒவ்வொன்றிலும் 0, 1, 2, 3 என நான்கு பக்கம். இரண்டையும் சேர்த்து உருட்டினால் மொத்தம் 16 வாய்ப்பு.

* தாயம் (1), 5, 6, 12 விழுந்தால்: நினைத்தது அப்படியே நடக்கும். 16-ல் 6 வாய்ப்பு.
* 3 அல்லது 4 விழுந்தால்: நடக்கும், கூடவே ஒரு வில்லங்கமும் வரும். 16-ல் 7 வாய்ப்பு.
* 2 விழுந்தால்: நடக்காது. கதை வேறு பக்கம் திரும்பும். 16-ல் 3 வாய்ப்பு.

அதாவது பிள்ளை முழுசாகத் தோற்பது குறைவு. 'நடந்துச்சு, ஆனா...' என்பதுதான் அதிகம் வரும். கதை சுவாரஸ்யமாகப் போவதும் அந்த 'ஆனா'வில்தான். வீட்டில் யாருக்கும் விதி சொல்லித்தரவும் வேண்டாம். தாயம், 5, 6, 12 விழுந்தால் மறு ஆட்டம் என்று ஆடிப் பழகியவர்களுக்கு அவை நல்ல எண்கள் என்பது ஏற்கெனவே தெரியும்.

கடலூருக்கு ஒரு கதை: குண்டு தேடும் பேய்

இதன் பின்னணி நிஜ வரலாறு. தேவனாம்பட்டினம் கோட்டையை 1690-ல் ஆங்கிலேயக் கிழக்கிந்திய கம்பெனி மராத்தியரிடம் வாங்கியது. அப்போது சென்னையில் கம்பெனியின் ஆளுநர் எலிஹு யேல். கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு போய் விழும் தூரம் வரை உள்ள நிலமும் கம்பெனிக்கே என்பது ஒப்பந்தம். அப்படிச் சேர்ந்த ஊர்களுக்கு 'குண்டு கிராமங்கள்' என்றே பெயர் வந்தது. புனித டேவிட் கோட்டை என்று பெயர் பெற்ற அதை 1758-ல் பிரெஞ்சுப் படை பிடித்து இடித்தது.

இனி கற்பனை. சுட்டதில் ஒரு குண்டு மட்டும் எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. அதைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லி அனுப்பப்பட்ட வீரன் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறான். ஆட்டம் இப்படிப் போகலாம்:

அம்மா (கதை சொல்பவர்): ராத்திரி மணி ஒன்பது. பீச்சுல ஆள் நடமாட்டமே இல்ல. இடிஞ்ச சுவத்துக்குப் பின்னாடி டொங்கு டொங்குனு சத்தம். யாரோ தோண்டறாங்க. என்ன பண்றீங்க?

அண்ணன்: நான் டார்ச் அடிக்கறேன்.

அம்மா: உருட்டு... மூணு! வெளிச்சம் விழுது. பழைய சட்டை போட்ட ஒரு ஆளு. ஆனா வெளிச்சம் அவரு உடம்புக்குள்ள பூந்து அந்தப் பக்கம் போவுது. அவரும் உங்கள திரும்பிப் பாத்துட்டாரு.

தங்கச்சி: தாத்தா, என்னத்தத் தேடறீங்க?

இந்தக் கேள்விக்குப் பகடை வேண்டாம். கேட்டதற்கு மதிப்பு கொடுத்து பேய் பதில் சொல்லட்டும். அதன் பிறகு கெடிலம் ஆற்றங்கரை, ஓல்டு டவுன் தெருக்கள், துறைமுகம் என்று ஊரெல்லாம் சுற்றி குண்டைத் தேடலாம். பிள்ளைகளுக்குத் தெரிந்த தெருப் பெயர்களையே சொல்லுங்கள்.

சிதம்பரம் குடும்பங்களுக்குப் பிச்சாவரம் இருக்கவே இருக்கிறது. பிரிந்து பிரிந்து போகும் கால்வாய்கள், தூரத்தில் அலையும் ஒரு வெளிச்சம். ஒவ்வொரு பிரிவிலும் ஒரு உருட்டல். ஊருக்குப் பழைய பெயர் தந்த தில்லை மரத்தையும் கதையில் வையுங்கள். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையே பாதிக்கும். இது கற்பனை இல்லை, அதனால் நிஜத்தில் தொடக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடலாம்.

எவ்வளவு பயமுறுத்தலாம்?

"சாப்பிடலைன்னா பூச்சாண்டி வருவான்" என்று நாம் காலங்காலமாகச் சொல்வது பிள்ளையின் வாயை அடைக்க. இந்த விளையாட்டில் நடப்பது அதற்கு நேர்மாறு. பூச்சாண்டி எதிரில் நிற்கும்போது என்ன செய்வது என்று பிள்ளைதான் முடிவு செய்யும். ஓடலாம், ஒளியலாம், பேச்சும் கொடுக்கலாம். பயத்தின் கடிவாளம் பிள்ளை கையில் இருக்கும் வரைக்கும்தான் அது விளையாட்டு.

அந்தக் கடிவாளத்துக்கு உலகம் முழுக்க ஆடுபவர்கள் பயன்படுத்தும் ஒரு வழி 'எக்ஸ் கார்டு'. ஜான் ஸ்டாவ்ரோபூலோஸ் என்ற அமெரிக்க விளையாட்டு வடிவமைப்பாளர் உருவாக்கியது. ஒரு அட்டையில் பெருக்கல் குறி போட்டு நடுவில் வையுங்கள். யாருக்காவது ஒரு விஷயம் பிடிக்கவில்லை என்றால் அட்டையைத் தொட்டால் போதும். காரணம் கேட்கக் கூடாது. "இதுக்கெல்லாமா பயப்படற?" என்று சிரிக்கவும் கூடாது. அந்தக் காட்சியை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போய்விட வேண்டும்.

கடலூர் மாவட்டத்தில் இந்த அட்டை பிள்ளைகளுக்கு மட்டும் தேவைப்படுவதில்லை. 2004 சுனாமி, 2011 தானே புயல், 2015 வெள்ளம். மூன்றும் இந்தக் கரையைப் புரட்டிப்போட்டவை. இன்றைய பத்து வயதுப் பிள்ளைக்கு அவை கேட்ட கதை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அப்பாவுக்கும் ஆயாவுக்கும் பார்த்த விஷயம். மழைச் சத்தத்துக்கு நடுவில், "கடல் பின்வாங்குது..." என்று கதை சொன்னால் முதலில் அட்டையைத் தொட நினைப்பது ஆயாவாகக்கூட இருக்கலாம். அதனால் ஆட்டம் தொடங்கும் முன்பே எல்லோரிடமும் கேளுங்கள்: எது எது கதையில் வரவே கூடாது?

முதல் முறை ஆடுபவர்கள் கவனத்துக்கு

* முக்கால் மணி நேரத்துக்கு மேல் இழுக்க வேண்டாம். தூங்கப் போகும் முன் கதையை முடித்துவிடுங்கள். பாதியில் விட்டால் பிள்ளைக்குத் தூக்கம் வராது.
* பேயைக் கொல்வதைவிட, அதற்கு என்ன வேண்டும் என்று கண்டுபிடிப்பதை முடிவாக வையுங்கள்.
* குடும்பத்தில் இறந்தவர்கள், தெருவில் இருக்கும் நிஜ மனிதர்கள், வழிபடும் தெய்வங்கள் மூன்றையும் பேயாக்க வேண்டாம்.
* எப்போதும் பேசும் பிள்ளை திடீரென அமைதியாகிவிட்டால், அட்டையைத் தொட்டதாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.
* எஃபெக்ட் வேண்டும் என்றால் மெழுகுவர்த்தி வேண்டாம், டார்ச் போதும்.
* அடுத்த முறை கதை சொல்லும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். பேயாக நடிக்க அப்பா ரெடியாக இருக்கட்டும்.