பால்பியானி கண்ட வளையம்

குளத்து அடிச்சேற்றில் வாழும் சிவப்புப் புழு ஒன்று உண்டு. கிரோனோமஸ் என்று பெயர். பெரிதானால், கொசுவைப் போலவே இருந்தும் கடிக்கத் தெரியாத பூச்சியாகப் பறந்துவிடும். புழுவாக இருக்கும்வரை, தன் வாயில் ஊறும் பட்டினால் சேற்றை ஒட்டிக் குழாய் கட்டிக்கொண்டு அதற்குள்ளேயே காலம் தள்ளுகிறது. பட்டுப் பூச்சிக்குக் கிடைத்த மரியாதையில் நூற்றில் ஒரு பங்குகூட இதற்குக் கிடைக்கவில்லை. தூண்டில்காரர்கள்தாம் தேடிப் பிடித்தார்கள், முள்ளில் கோப்பதற்கு!

1881-ஆம் வருஷம் பிரெஞ்சுப் பேராசிரியர் எட்வார் ஜெரார் பால்பியானி இந்தப் புழுவின் சுரப்பியை மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்துப் பார்த்தார். பெயருக்குத்தான் அது உமிழ்நீர்ச் சுரப்பி. வேலை பட்டுச் சுரப்பது. அதன் ஜீவ அணுக்கள் மிகப் பெரியவை. ஒவ்வோர் அணுவின் உட்கருவிலும் தடித்த நாடாக்கள் சுருண்டு கிடந்தன. ஜமக்காளத்தில் பட்டை போட்டதுபோல் அவற்றில் குறுக்கே கோடுகள். சில இடங்களில் நாடா உப்பி, வளையம் கட்டியிருந்தது. கண்டதைக் கண்டபடி எழுதி வைத்தார். அவை என்ன என்பது அவருக்குத் தெரியாது. எப்படித் தெரியும்? மெண்டலின் பரம்பரை விதிகளை உலகம் மறுபடி கண்டெடுத்தது 1900-இல். பால்பியானி 1899-இலேயே காலமாகிவிட்டார்.

அந்த நாடாக்கள் குரோமோசோம்களே என்பது 1933-இல்தான் புலப்பட்டது. ஒரே இழை ஆயிரக்கணக்கில் பிரதியாகிப் பிரியாமல் அடுக்கி நிற்பதனால் வந்த பருமன் அது.

வளையத்தின் மர்மம் மட்டும் விடுபடவில்லை. அதில் ஒரு பெரிய கேள்வியே அடங்கியிருந்தது. உடம்பின் எல்லா அணுக்களிலும் இருப்பவை ஒரே ஜீன்கள்தாம். அப்படியானால் ஓர் அணு பட்டுச் சுரக்கவும் இன்னொன்று வேறு வேலை பார்க்கவும் காரணம் என்ன?

ஜெர்மானியரான வொல்ஃப்காங் பீர்மன் 1952-இல் புழுவின் பல உறுப்புகளை ஒப்பிட்டுப் பார்த்தார். கோடுகள் எங்கும் ஒன்றே. உப்பல்கள்தாம் உறுப்புக்கு உறுப்பு மாறின. 1961-இல் அவர் வெளியிட்ட சோதனை எனக்கு ஒரு துப்பறியும் கதையைப் போலவே படுகிறது. கிரோனோமஸில் நெருங்கிய இரண்டு இனங்கள். ஒன்றின் சுரப்பியில், குறிப்பிட்ட நான்கு அணுக்கள் மட்டும் மணிமணியான ஒரு சரக்கைச் சுரக்கும். மற்றதில் அந்த மணிகள் இல்லை. இரண்டையும் கலந்தார். கலப்புப் புழுவில் மணிகள் குறைவாக இருந்தன. நாலாவது குரோமோசோமில் அதற்குரிய வளையமோ, மணி சுரக்கும் இனத்திலிருந்து வந்த பாதியில் மட்டுமே உப்பியிருந்தது! ஜீன் விழித்து வேலை செய்யும் இடமே வளையம் என்று ஆயிற்று. பால்பியானி பார்த்தது அதைத்தான்.

அங்கே தயாராகும் பட்டுப் புரோட்டீன் ராட்சசத்தனமானது. பெரிய வளையங்களில் உருவாவது நம் ரத்தத்தின் ஹீமோகுளோபினைப் போல் சுமார் 15 மடங்கு எடை. அதற்குரிய ஜீனைப் பிற்காலத்தவர் படித்துப் பார்த்தபோது, ஒரு சிறு வாசகமே சின்னச் சின்ன மாற்றங்களோடு திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருந்தது. அந்தப் பெரிய வளையங்களின் ஜீன்கள் யாவும் அதே பாணி. ஆதியில் இருந்த ஏதோ ஒரு ஜீன் பிரதியாகி, பிரதிகள் தனித்தனியே மாறி, இப்படி ஒரு குடும்பமாகப் பெருகியிருக்கிறது.