குருந்தக்கல் போன தூரம்

புதுக் கார். வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. ராத்திரியோடு ராத்திரியாக எவனோ ஒரு புண்ணியவான் சாவியால் கதவில் நீளமாகக் கோடு இழுத்துவிட்டுப் போய்விடுகிறான். ரிஷிவந்தியமோ, சென்னை புதுப்பேட்டையோ, டிங்கரிங் பட்டறைக்காரர் முதலில் செய்வது ஒன்றுதான். கீறலின் குறுக்கே நகத்தை ஓட்டுவார். 'நகம் மாட்டுது சார், வாட்டர் பேப்பர் போடணும்' என்பார்.

கீறலை எப்படி அழிப்பது? உண்மையில் அழிப்பதே இல்லை! பள்ளத்தைத் தூர்க்க முடியாவிட்டால் சுற்றியுள்ள மேட்டைக் குறைப்பது. அவ்வளவுதான் சூத்திரம். காரின் மேலே பளபளக்கும் 'கிளியர் கோட்' சுமார் 40, 50 மைக்ரான்தான் இருக்கும். நம் தலைமுடியைவிட மெல்லியது. அதில் ஒரு பகுதியை மட்டும் 1500, 2000, 3000 என்று படிப்படியாக நைஸான தாள்களால், தண்ணீர் விட்டுத் தேய்த்து, கடைசியில் பாலிஷ் போடுவார்கள். கொஞ்சம் அதிகமாகத் தேய்த்தால் கலரே போய்விடும். கீறல் கலரையும் தாண்டியிருந்தால், முதலில் பெயின்ட்டால் நிரப்பிவிட்டுத்தான் தேய்க்க வேண்டும்.

தண்ணீர் எதற்கு? தூள் தாளில் அடைத்துக்கொள்ளாது, சூடேறாது. இன்னொரு காரணமும் உண்டு. அது உயிர் சம்பந்தப்பட்டது.

நூறு வருடத்துக்கு முந்தைய பெயின்ட்டில் ஈயம் தாராளமாக இருந்தது. குதிரை வண்டிக்கும் காருக்கும் கோட்டுக்கு மேல் கோட்டாகத் தூரிகையால் அடித்து, ஒவ்வொன்றையும் தேய்த்து, காய வைத்து எடுப்பதற்கு வாரக்கணக்கில் ஆகும். காய்ந்த பெயின்ட்டைத் தேய்த்தால் என்ன ஆகும்? ஈயத் தூள் மூக்கில், வாயில், சோற்றுத் தட்டில். வயிற்றுவலி, கை வீங்குதல் அல்ல, கை விளங்காமல் போவது, கடைசியில் மரணம். 1921-ல் ஜெனீவாவில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடு வெள்ளை ஈயப் பெயின்ட் பற்றி ஓர் உடன்படிக்கையே போட்டது. உலர்வாகத் தேய்ப்பதில் கிளம்பும் தூசைத் தடுக்க வேண்டும் என்று அதில் ஒரு விதி.

நனைத்துத் தேய்க்க வேண்டியதுதானே என்பீர்கள். முடியாதே! அன்றைய உப்புத்தாளில் மணலை ஒட்ட வைத்தது தோலையும் எலும்பையும் காய்ச்சிய வஜ்ஜிரம். தண்ணீர் பட்டால் கூழ்.

இந்த இடத்தில் வருகிறார் ஃபிரான்சிஸ் ஓக்கி. பிலடெல்பியாவில் மை தயாரித்துக்கொண்டிருந்தவர். 1920-ல் '3எம்' கம்பெனிக்கு ஒரு கடிதம் போட்டார். நீங்கள் உப்புத்தாளுக்குப் பயன்படுத்தும் பொடிகளில் எல்லா சைஸிலும் சாம்பிள் அனுப்புங்கள் என்று. மை வியாபாரிக்கு மணல் எதற்கு? கம்பெனியின் வில்லியம் மெக்நைட்டுக்குக் குறுகுறுப்பு. விசாரித்தால், மனுஷன் தண்ணீருக்குக் கரையாத உப்புத்தாளைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்! உரிமையை வாங்கிக்கொண்டு, ஓக்கிக்கு வேலையும் கொடுத்தார்கள். 1921-ல் 'வெட்-ஆர்-டிரை' சந்தைக்கு வந்தது. அதே 1921!

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு பட்டறை பட்டறையாகப் போன ரிச்சர்டு ட்ரூ என்ற இளைஞர், இரட்டைக் கலர் அடிக்க பெயின்டர்கள் படும் பாட்டைப் பார்த்து 1925-ல் மாஸ்கிங் டேப்பைக் கண்டுபிடித்தது தனிக்கதை.

3எம் பிறந்த கதையைக் கேட்டால் சிரிப்பு வரும். 1902-ல் ஐந்து பேர் சேர்ந்து, மினசோட்டாவில் 'கொரண்டம்' தோண்டுவதற்காக ஆரம்பித்த கம்பெனி அது. சாணைக்கல்லுக்கு ஏற்ற, வைரத்துக்கு அடுத்த கடினமுள்ள கல். தோண்டினார்கள், விற்கவும் செய்தார்கள். கடைசியில் அது கொரண்டமே இல்லை, அனார்த்தோசைட் என்ற உதவாத பாறை என்று தெரிந்தது. பிழைக்க வழி தேடித்தான் உப்புத்தாள் பக்கம் வந்தார்கள்.

கொரண்டம் என்ற பெயர் எங்கிருந்து போனது தெரியுமா? நம் 'குருந்தம்'தான்! ஆங்கில அகராதிகளே ஒப்புக்கொள்கின்றன. குருந்தப் பொடியை அரக்கில் குழைத்துச் சாணைக்கல் செய்வது நம் ஊர்க் கைவேலை. நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில் அனார்த்தோசைட்டும் குருந்தமும் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. (நிலவின் மேட்டு நிலமும் இதே பாறைதான். சந்திரயான் சோதனைக்கு இங்கிருந்துதான் 'நிலா மண்' போனது.)

1891-ல் அமெரிக்கர் எட்வர்டு அச்செசன் களிமண்ணையும் கரியையும் மின்சாரத்தில் காய்ச்சியபோது பளபளவென்று படிகங்கள் கிடைத்தன. கார்பனும் கொரண்டமும் சேர்ந்தது என்று தப்பாக நினைத்து 'கார்பரண்டம்' என்று பெயர் வைத்தார். நிஜத்தில் அது சிலிக்கான் கார்பைடு. இன்று பட்டறையில் பார்க்கும் கறுப்பு வாட்டர் பேப்பரில் ஒட்டியிருப்பது அதுதான். தமிழ்க் கல்லின் பெயர் அமெரிக்கா போய், 1954-ல் முருகப்பா குழுமத்தின் 'கார்பரண்டம் யுனிவர்சல்' என்று சென்னைக்கே திரும்பி வந்தது.

பெயர் திரும்பி வந்துவிட்டது. பாடம் வந்து சேர்ந்ததா? வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற 2016-ம் வருட விதி இந்தியாவில் உண்டு. அது வீட்டுக்கும் அலங்காரத்துக்கும் அடிக்கும் பெயின்ட்டுக்கு மட்டும். பழைய வண்டியை உலர்வாகத் தேய்க்கும் பையனின் மூக்குக்கு இன்றைக்கும் பல இடங்களில் ஒரு கைக்குட்டைதான் காவல். அடுத்த முறை பட்டறைக்குப் போனால் 'எவ்வளவு ஆகும்?' என்பதோடு, 'தண்ணி விட்டுத்தானே தேய்ப்பீங்க? தம்பிக்கு மாஸ்க் இருக்கா?' என்றும் கேளுங்கள்.