குழந்தைப்பருவ ஆஸ்துமாவில் மரபணுவும் பாக்டீரியாவும்: ஹான்ஸ் பிஸ்கார்டின் கோபன்ஹேகன் ஆய்வுகளை முன்வைத்து

1. ஆய்வுப் பொருள்

ஆஸ்துமா குடும்பவழி வரும் நோய் என்பது பழைய அறிவு. சளி பிடித்தால் இளைப்பு கூடும் என்பதும் பிள்ளை வளர்த்த எல்லோருக்கும் தெரியும். ஆனால் மருத்துவ ஆய்வு இவ்விரண்டையும் நெடுங்காலம் தனித்தனியாகவே வைத்துப் பார்த்தது. மரபியலார் குடும்பங்களின் டி.என்.ஏ.வில் தேடினர். சளியை ஆராய்ந்தவர்களோ பெரும்பாலும் வைரஸைத்தான் தேடினார்கள். பாக்டீரியா கவனத்துக்கு வெளியே நின்றது.

டென்மார்க்கின் குழந்தை மருத்துவர் ஹான்ஸ் பிஸ்கார்ட் 1998இல் கோபன்ஹேகனில் ‘காப்சாக்’ என்ற தொடராய்வைத் தொடங்கினார். ஆஸ்துமா உள்ள தாய்மார்களுக்குப் பிறந்த 411 குழந்தைகள் அதில் சேர்க்கப்பட்டனர். நோய் வந்த பிறகு காரணம் தேடுவதை விட்டு, நோய் வருமுன்பே அக்குழந்தைகளைப் பின்தொடர்ந்தது இவ்வாய்வின் பெரும் பலம். இத்தொடரின் முடிவுகளை ஒருசேர வைத்துப் பார்த்தால் ஒரு கருத்து வலுப்படுகிறது: ஆஸ்துமாவோடு தொடர்புடைய மரபணுக்களில் முக்கியமான சில, மூச்சுக்குழாய் கிருமியை எதிர்கொள்ளும் விதத்தை மாற்றுவதன் வழியாகவே நோய்க்கு இடம் தருகின்றன. இக்கட்டுரை நிறுவ முயல்வது அதையே.

2. ஒரு மாதக் குழந்தையின் தொண்டை

குழந்தைக்கு ஏறத்தாழ நான்கு வாரம் ஆனபோது, மென்மையான உறிஞ்சுகுழாய் ஒன்றை மூக்குவழியே செலுத்தி, தொண்டையின் அடிப்பகுதியிலிருந்து சிறிது சளியை எடுத்தார்கள். அந்நேரத்தில் குழந்தைகளுக்கு இருமலோ இளைப்போ இல்லை. 321 குழந்தைகளின் சளி வளர்ப்பூடகத்தில் வளர்த்துப் பார்க்கப்பட்டது. அவர்களில் 21 சதவீதத்தினரிடம் நியூமோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் இன்ஃபுளூயன்சே, மொராக்செல்லா கட்டாராலிஸ் ஆகிய மூன்றில் ஒன்றோ பலவோ இருந்தன.

ஐந்து வயதில் வந்த கணக்கு கவனத்துக்குரியது. அக்கிருமிகள் இருந்த குழந்தைகளில் 33 சதவீதத்தினருக்கு ஆஸ்துமா. இல்லாதவர்களில் 10 சதவீதத்தினருக்கே. விடாத இளைப்பு, தீவிரத் தாக்குதல், மருத்துவமனையில் சேர்க்க நேர்வது ஆகியவையும் முதல் பிரிவில் கூடுதலாக இருந்தன. 2007இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதை வெளியிட்டது.

இரண்டு நுட்பங்களை இங்கே தவறவிடக் கூடாது. முதலாவது, தொண்டையில் எந்தப் பாக்டீரியா இருந்தாலும் இந்த விளைவு என்பதில்லை. ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் இருந்த குழந்தைகளிடம் இத்தொடர்பு காணப்படவில்லை. இரண்டாவது, அந்த மூன்று கிருமிகள் இருந்த குழந்தைகளிடம் நான்கு வயதில் ஈயோசினோபில் என்ற வெள்ளணுக்களின் எண்ணிக்கையும், ஐ.ஜி.ஈ. என்ற ஒவ்வாமை எதிர்ப்பொருளின் மொத்த அளவும் உயர்ந்திருந்தன, ஆனால் தூசிப்பூச்சி, மகரந்தம் போன்ற குறிப்பிட்ட ஒவ்வாமைப் பொருள்களுக்கு எதிரான ஐ.ஜி.ஈ.யில் வேறுபாடு இல்லை. ‘அலர்ஜிதான் ஆஸ்துமா’ என்ற வழக்கமான விளக்கத்துக்குள் இந்தக் குழந்தைகளை அடைத்துவிட முடியாது. என் பார்வையில், 33-10 என்ற எண்களைவிட இதுவே அந்த ஆய்வின் ஆழமான முடிவு.

3. மரபணுக்களின் சாட்சியம்

3.1 வைரஸின் வாசல்

டென்மார்க்கில் பிறக்கும் குழந்தையின் குதிகாலில் குத்தி எடுக்கும் இரத்தத்தைச் சொட்டாக வடிதாளில் உலர்த்திப் பாதுகாத்து வைக்கிறார்கள். பிறவி நோய்ப் பரிசோதனைக்காக எடுக்கப்படும் அந்தக் காய்ந்த பொட்டிலிருந்தே பிஸ்கார்டின் குழுவினர் டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்தார்கள். 2 முதல் 6 வயதுக்குள் தீவிர ஆஸ்துமாவால் திரும்பத் திரும்ப மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களை மட்டும் தேசியப் பதிவேட்டிலிருந்து தேர்ந்தெடுத்தார்கள். ஆஸ்துமா என்ற பெயருக்குள் பல நோய்கள் ஒளிந்திருப்பதால், இப்படிக் குறுக்கித் தேடியது சரியான முடிவு. 2014இல் சி.டி.எச்.ஆர்.3 என்ற மரபணு அகப்பட்டது. மூச்சுக்குழாயின் மேற்புறச் செல்களில் இயங்கும் அது என்ன செய்கிறது என்பது அப்போது தெளிவாகவில்லை. மறு ஆண்டே அமெரிக்க ஆய்வாளர்கள் விடை தந்தார்கள்: ரைனோவைரஸ் சி செல்லுக்குள் புகப் பற்றிக்கொள்ளும் ஏற்பி அது.

3.2 நியூமோகாக்கஸும் இரத்தவகையும்

2020இல் அதே குழு தேடலை விரித்தது. தீவிரத் தாக்குதலுக்கு ஆளான 2,866 குழந்தைகளும் ஆஸ்துமா இல்லாத 65,415 பேரும் ஒப்பிடப்பட்டனர். 19ஆம் குரோமோசோமில் எஃப்.யூ.டி.2 மரபணுவுக்கு அருகே புதிய அபாயப் புள்ளி தெரிந்தது. ஏ, பி ஆகிய இரத்தவகை ஆன்டிஜென்கள் இரத்தத்தோடு நில்லாமல் உமிழ்நீரிலும் சளியிலும் வெளிப்பட இந்த மரபணு செயல்பட வேண்டும். ஐரோப்பியரில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு அது செயலற்றிருக்கும்.

எஃப்.யூ.டி.2 தனித்து நின்றால் அபாயத்தைச் சிறிதளவே கூட்டுகிறது. வாய்ப்பு விகிதம் 1.18தான். ஆனால் இரத்தவகையைத் தீர்மானிக்கும் ஏபிஓ மரபணுவோடு அதன் விளைவு பின்னிக்கிடந்தது. அந்தப் பின்னலுக்குப் பின்னே, நியூமோகாக்கஸால் வரும் சுவாச நோய்களின் தடம் தெரிந்தது. ஒரு மாதக் குழந்தையின் தொண்டையில் 2007இல் கண்ட மூன்று கிருமிகளில் ஒன்று, பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் மரபணு ஆய்வின் வழியாகவும் வந்து சேர்ந்தது. சளிப்படலத்தின் சர்க்கரை மூலக்கூறுகளில் எந்தக் கிருமி ஒட்டும், எது ஒட்டாது என்பதில் இரத்தவகைக்குப் பங்கு இருக்கக்கூடும்.

4. காரணமா, அடையாளமா?

இங்கே ஒரு தடையை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். தொண்டையில் கிருமி இருந்ததால் ஆஸ்துமா வந்ததா? அல்லது பிறவியிலேயே தடுப்பாற்றல் மாறுபட்ட குழந்தைகளிடம் கிருமியும் எளிதில் குடியேறி, ஆஸ்துமாவும் வந்ததா? 2007 ஆய்வு இக்கேள்வியைத் தீர்க்கவில்லை; கண்காணிப்பு ஆய்வு எதுவும் தனியே தீர்க்கவும் முடியாது.

2014இல் வந்த ஒரு முடிவு இரண்டாம் விளக்கத்துக்கு வலுச் சேர்க்கிறது. ஆறு மாத வயதில் எடுத்த இரத்தச் செல்களை அதே மூன்று பாக்டீரியாக்களோடு ஆய்வகத்தில் சேர்த்துப் பார்த்தார்கள். ஏழு வயதில் ஆஸ்துமா உறுதியான குழந்தைகளின் செல்கள், ஐ.எல்.-5, ஐ.எல்.-13 போன்ற அழற்சிப் புரதங்களை மற்றவர்களின் செல்களைவிட அதிகமாகச் சுரந்திருந்தன. எல்லாச் செல்களையும் ஒரே கிருமிகளோடுதான் சேர்த்தார்கள். வேறுபட்டது குழந்தையின் பதில். ஆகவே கிருமியையும் மரபையும் போட்டியிடும் இரு காரணங்களாக நிறுத்துவது பொருந்தாது.

5. சிகிச்சை வழியே ஒரு சோதனை

பாக்டீரியாவுக்குப் பங்கு உண்டென்றால், அதைக் குறைத்தால் இளைப்பும் குறைய வேண்டும். 2016இல் இக்குழு ‘லான்செட் ரெஸ்பிரேட்டரி மெடிசின்’ இதழில் வெளியிட்ட சோதனை அதைத்தான் பார்த்தது. 1 முதல் 3 வயதுக் குழந்தைகளுக்கு இளைப்பு வந்தபோது, குலுக்கல் முறையில் மூன்று நாள் அசித்ரோமைசினோ போலி மருந்தோ தரப்பட்டது. மருந்து பெற்றபோது சராசரியாக 3.4 நாளிலும், பெறாதபோது 7.7 நாளிலும் அறிகுறிகள் அடங்கின. சீக்கிரம் தொடங்கினால் பலன் கூடியது.

இதைப் படித்துவிட்டு, இளைக்கும் பிள்ளைக்கெல்லாம் ஆன்டிபயாட்டிக் தரலாம் என்று எவரும் முடிவு செய்யக் கூடாது. அசித்ரோமைசினுக்கு அழற்சியைத் தணிக்கும் குணமும் உண்டு. கிருமியைக் கொன்றதால் மட்டுமே பலன் வந்தது என்று சொல்ல இயலாது. எதிர்ப்புத்திறன் பெற்ற கிருமிகள் பெருகும் அபாயமும் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அடுத்த இளைப்பு வருவதை அம்மருந்து தள்ளிப்போடவில்லை. நடந்துகொண்டிருந்த தாக்குதல் சுருங்கியது; தாக்குதலுக்கு ஆளாகும் தன்மை அப்படியே இருந்தது. எந்தக் குழந்தையின் மரபமைப்புக்கு இம்மருந்து உண்மையில் பயன்படும் என்று முன்கூட்டியே பிரித்தறியும் சோதனையே இனி வேண்டியது. எஃப்.யூ.டி.2, ஏபிஓ இணையைப் பிறப்பிலேயே அறிந்து, தொண்டைச் சளியை முதல் மாதத்திலிருந்தே பார்த்துவரும் ஆய்வாக அது அமைய வேண்டும்.